தட்டைக் கோட்டை நம்பும் முன்: நரம்பு அறுவையின்போது சிக்னல் பதிவு செய்ய ஒரு வழிகாட்டி

மேல்கை எலும்பின் தண்டுப் பகுதி முறிந்தவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்கு அதை ஒட்டி ஓடும் ரேடியல் நரம்பும் அடிபடுகிறது. மணிக்கட்டு தொங்கிவிடும், விரல்களை நிமிர்த்த முடியாது. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். சரியாகாதவர்களை மூன்று, நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுவருகிறார்கள். திறந்து பார்த்தால் பல நேரம் நரம்பு அறுந்திருக்காது. முறிவு இருந்த இடத்தில் தடித்து, கெட்டியாகி, தழும்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். தொடர்ச்சி அறாத நியூரோமா என்று இதைச் சொல்வார்கள்.

இப்போது அறுவை நிபுணருக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்தத் தடிப்பு வழியாக உயிருள்ள நரம்பிழைகள் வளர்ந்து வருகின்றனவா, இல்லையா? வருகின்றன என்றால் சுற்றியுள்ள தழும்பை மட்டும் நீக்கிவிட்டு மூடிவிடலாம். இல்லை என்றால் அந்தத் துண்டை வெட்டியெடுத்து, காலில் இருந்து சூரல் நரம்பை எடுத்து வைத்து ஒட்டுப் போட வேண்டும். கண்ணால் பார்த்தோ விரலால் அழுத்தியோ இதை உறுதியாகச் சொல்ல முடியாது. பார்க்க மோசமாக இருக்கும் தடிப்பு நன்றாகக் கடத்தும். பார்க்க நன்றாக இருப்பது ஒன்றுமே கடத்தாது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் கிளைன் 1960களில் இருந்து வளர்த்தெடுத்த முறை இதற்குத்தான் கைகொடுக்கிறது. அடிபட்ட இடத்துக்கு மேலே நரம்பைத் தூண்டி, கீழே அதே நரம்பில் இருந்து அலையைப் பதிவு செய்வது. அந்த அலைதான் நரம்புச் செயல் மின்னழுத்தம், சுருக்கமாக என்.ஏ.பி. தடிப்பைத் தாண்டி அலை வந்து, அதனால் வெட்டாமல் விட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்கள் பயன்படும் அளவுக்குக் குணமானார்கள் என்பது அவர்களுடைய நீண்டகால அனுபவம்.

தசை அசைகிறதா என்று பார்த்தால் போதாதா என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். போதாது. வெட்டுப்பட்ட நரம்பிழை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். அடிபட்ட இடத்தில் இருந்து முதல் தசையான பிரேக்கியோரேடியாலிஸ் 12 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அங்கே போய்ச் சேரவே நான்கு மாதம் ஆகும். அதற்குள் நீங்கள் தியேட்டரில் நிற்கிறீர்கள். இழைகள் தடிப்பைத் தாண்டி வந்திருக்கும், தசையைத் தொட்டிருக்காது. தசையில் ஊசி செருகி அதன் மின் சிக்னலைப் பதியும் இ.எம்.ஜி.யும் ஒன்றும் காட்டாது. அந்த இடைவெளியில் உண்மையைச் சொல்லக்கூடியது என்.ஏ.பி. மட்டுமே. தசைகள் 12 முதல் 18 மாதத்துக்குள் நரம்பைத் திரும்பப் பெறாவிட்டால் பிறகு பெற்றும் பயனில்லை என்பதால், சும்மா காத்திருப்பதும் ஆபத்துதான்.

இந்தக் கட்டுரை தியேட்டரில் மெஷின் பக்கம் நிற்கப்போகும் நியூரோபிசியாலஜி டெக்னீஷியன்களுக்கும், இந்த வேலையை முதல்முறையாகப் பார்க்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே இதையெல்லாம் பழகுங்கள். முழுக்க மனதில் வைத்திருக்க வேண்டியது ஒன்று: திரையில் வரும் தட்டைக் கோட்டை நம்பி ஒரு நரம்பை வெட்டப்போகிறார்கள். வெட்டிய பிறகு திரும்பப் பெற முடியாது. அதனால் "அலை இல்லை" என்று சொல்வதற்கு முன், அலை இருந்திருந்தால் இந்த ஏற்பாட்டில் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும் என்று நிரூபித்தாக வேண்டும்.

முந்தைய நாளே பேசி முடிக்க வேண்டியவை

முதலில் மயக்க மருத்துவரிடம் போங்கள். நம் ஊரில் கை அறுவை என்றாலே நரம்பு பிளாக், அதாவது நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி, போடுவது வழக்கம். இந்த அறுவைக்கு அது கூடாது. மரத்துப்போன நரம்பில் இருந்து எதைப் பதிவு செய்வது? பொது மயக்கம்தான் வேண்டும். மயக்க வாயுவும் புரோபோஃபாலும் கை கால் நரம்பின் அலையை ஏறக்குறையத் தொடுவதில்லை, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தசைத் தளர்த்தி மருந்து என்.ஏ.பி.யைப் பாதிக்காது, சொல்லப்போனால் தசை துள்ளாமல் இருப்பது நமக்கு வசதி. ஆனால் அறுவை நிபுணர் நரம்பைத் தொட்டுத் தசை துடிக்கிறதா என்றும் பார்க்க விரும்புவார். ஆகவே மூச்சுக் குழாய்க்குள் டியூப் போடும்போது குறுகிய நேர மருந்து, அப்புறம் பதிவின்போது தேவைப்பட்டால் மட்டும் மறுபடி என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது. வெட்டும் இடத்தில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஊசி போடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது டூர்னிக்கே, அதாவது ரத்தம் வராமல் கையை இறுக்கும் பட்டை. ரத்தம் போகாத நரம்பு அரை மணி நேரத்திலேயே கடத்துவதை நிறுத்தத் தொடங்கிவிடும். டூர்னிக்கே கட்டாமல் செய்ய முடிந்தால் மிக நல்லது. கட்டியே ஆக வேண்டும் என்றால், அவிழ்த்து 20 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் பதிவு. அவிழ்த்த நேரத்தை போர்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், அவசரத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

அடிபட்டு எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் கேஸ் ஷீட்டில் பாருங்கள். முதல் சில வாரங்களில் தடிப்பைத் தாண்டி அலை வராவிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. இழைகள் வளர்ந்து வர அவகாசமே கிடைத்திருக்காது. இன்னொரு பக்கம், காயம்பட்ட முதல் சில நாட்களில் கீழ்ப்பகுதி இன்னும் சாகாமல் இருக்கும், கீழேயே தூண்டிக் கீழேயே பதிந்தால் நல்ல அலை வரும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இரைச்சல் வேட்டை

நோயாளியை டேபிளில் படுக்க வைப்பதற்கு முன்பே தியேட்டருக்குப் போய்விடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். திரையில் 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் அலை தெரிந்தால் அது நரம்பு அல்ல, சுவர். சூடேற்றும் போர்வை, சலைன் சூடாக்கி, மோட்டார் வைத்த டேபிள், மைக்ரோஸ்கோப், எக்ஸ்ரே சி-ஆர்ம் இவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஒவ்வொன்றாகப் பிளக்கில் இருந்து பிடுங்கிப் பாருங்கள். ஸ்விட்ச்சை அணைத்தால் போதாது, பல கருவிகள் பிளக் செருகியிருந்தாலே சத்தம் போடும். எதைப் பிடுங்கினால் திரை அமைதியாகிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பதிவு நேரத்தில் தடுமாற வேண்டியதில்லை. மின்சாரத்தால் ரத்தக்கசிவை நிறுத்தும் டயத்தர்மியைப் பதிவின்போது முழுவதும் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் சொல்லுங்கள்.

பதிவு எலக்ட்ரோடின் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள். ஸ்டிமுலேட்டர் ஒயர் அறையின் வேறு பக்கமாக வரட்டும். இரண்டும் ஒரே கட்டாகச் சேர்ந்து வந்தால் தூண்டுதல் நேரடியாகப் பதிவு ஒயரில் ஏறிவிடும். ஆட்டோகிளேவில் பலமுறை போய்வந்த எலக்ட்ரோடுகளின் உறையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், ஈரம் பட்டால் அது கசியும். ஸ்டெரைல் செய்த மாற்று செட் ஒன்று கையில் இல்லாமல் தொடங்காதீர்கள்.

நரம்பில் எலக்ட்ரோடு வைப்பது

அறுவை நிபுணர் தடிப்பின் இரு பக்கமும் நரம்பைச் சுற்றிலும் விடுவிக்க வேண்டும். தூண்டும் இடத்துக்கும் பதியும் இடத்துக்கும் நடுவே குறைந்தது 4 சென்டிமீட்டர் வேண்டும், கூடுதலாகக் கிடைத்தால் கூடுதல் நிம்மதி. ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். நல்ல நரம்பு விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கடத்தினால், 4 சென்டிமீட்டரைக் கடக்க 0.8 மில்லி விநாடிதான். தூண்டுதலின் அதிர்வு அடங்குவதற்குள் அலை வந்து போய்விடும். 10 சென்டிமீட்டர் இருந்தால் 2 மில்லி விநாடி கிடைக்கும், அலை தனியாகத் தெரியும். புதிதாக வளர்ந்த இழைகள் மெதுவாகத்தான் கடத்தும் என்பது இந்த விஷயத்தில் நமக்குச் சாதகம்.

எலக்ட்ரோடு கொக்கி வடிவில் இருக்கும். நரம்பு அதன் மேல் லேசாக உட்கார்ந்தால் போதும். தூக்கி இழுத்துப் பிடித்தால் நரம்பு நீண்டு, ரத்த ஓட்டம் குறைந்து, கடத்தலும் குறையும். உதவிக்கு நிற்கும் ஜூனியர் மணிக்கணக்கில் கொக்கியைப் பிடித்துக் கை அசந்து இழுத்துவிடுவது நிறைய நடக்கிறது, கண் வைத்திருங்கள்.

கொக்கி நரம்பைத் தொடும் இடம் ஈரமாக இருக்கட்டும், குளமாக இருக்கக் கூடாது. ரத்தமோ சலைனோ தேங்கி இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டால் சிக்னல் அதன் வழியே ஒழுகிப் போய்விடும். பதிவுக்கு முன் காஸ் வைத்து ஒற்றச் சொல்லுங்கள், துடைக்க வேண்டாம். கழுவும் சலைன் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளிர்ந்த சலைனை ஊற்றினால் ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் கடத்தல் வேகம் விநாடிக்கு சுமார் 2 மீட்டர் குறைகிறது.

தூண்டும் எலக்ட்ரோடில் எதிர்முனை, அதாவது கேத்தோடு, பதிவு எலக்ட்ரோடைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் நேர்முனைக்கு, அதாவது ஆனோடுக்கு, அடியில் அலை தடைபடலாம். மூன்று முனை உள்ள ஸ்டிமுலேட்டர் இருந்தால் அதையே எடுங்கள். நடுவில் கேத்தோடு, இரு பக்கமும் ஆனோடு என்று இருப்பதால் மின்சாரம் வெளியே சிதறுவது வெகுவாகக் குறையும்.

மெஷின் செட்டிங்

தூண்டும் துடிப்பு குறுகியதாக இருக்கட்டும், 0.02 முதல் 0.05 மில்லி விநாடி. நீளமான துடிப்பு நீளமான குப்பையைத் தரும். விநாடிக்கு ஒன்று, இரண்டு தடவை தூண்டினால் போதும். பல தூண்டுதல்களின் பதிவைச் சேர்த்துச் சராசரி எடுப்பதாக இருந்தால் சரியாக 2 என்று வைக்காமல் 2.1 என்று வையுங்கள். 50ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்ணாக இருந்தால் மின்சார இரைச்சலும் சேர்ந்தே கூடிக்கொண்டு போகும்.

ஃபில்டரின் கீழ் எல்லை 10 ஹெர்ட்ஸ், மேல் எல்லை 2000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை என்று தொடங்குங்கள். பேஸ்லைன் தூண்டுதலுக்குப் பின் சீக்கிரம் திரும்பவில்லை என்றால் கீழ் எல்லையை உயர்த்தலாம், அலையின் வடிவம் கொஞ்சம் மாறும் என்று தெரிந்தே செய்யுங்கள். நாட்ச் ஃபில்டரை மட்டும் போடாதீர்கள். 50 ஹெர்ட்ஸை அது அழிக்கும், உண்மைதான். ஆனால் தூண்டுதலின் பெரிய துடிப்பு உள்ளே போனதும் அது மணி அடித்த மாதிரி அதிர்ந்து, நிஜ அலை போலவே ஒன்றைத் திரையில் வரையும். இரைச்சலை அறையில் பிடியுங்கள், மெஷினில் மறைக்காதீர்கள்.

திரை அகலம் மொத்தம் 10 முதல் 20 மில்லி விநாடி. நல்ல நரம்பின் அலை நூற்றுக்கணக்கான மைக்ரோவோல்ட் வரும், வளரும் நரம்பில் சில மைக்ரோவோல்ட் முதல் சில பத்து மைக்ரோவோல்ட்தான். கெயினை, அதாவது அலையைப் பெரிதாக்கிக் காட்டும் அளவை, மாற்றிக்கொண்டே இருக்கத் தயாராக இருங்கள்.

முதல் பதிவு நல்ல நரம்பில்

தடிப்பைத் தாண்டி முதலில் பார்க்க எல்லோருக்கும் ஆவலாகத்தான் இருக்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். தூண்டுவதும் பதிவதும் இரண்டும் தடிப்புக்கு மேலே, அடிபடாத பகுதியில் இருக்க வேண்டும். அங்கே அழகான அலை வந்தால் மெஷின், ஒயர், எலக்ட்ரோடு, நரம்பு எல்லாம் சரி. மேலே இடம் போதவில்லை என்றால் அதே காயத்தில் தெரியும் வேறொரு நல்ல நரம்பில் வைத்துப் பாருங்கள்.

அலை வந்ததும் தூண்டும் எலக்ட்ரோடை அப்படியே விட்டுவிட்டு, பதிவு எலக்ட்ரோடை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்த்துங்கள். தடிப்பின் தொடக்கம், அதன் மேல், அதற்குக் கீழே. எங்கே அலை சிறுக்கிறது, எங்கே மறைகிறது என்று பார்ப்பதால் வெட்ட வேண்டிய எல்லையும் கிடைக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஸ்டெரைல் ஸ்கேலால் தூரத்தை அளக்கச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். தூரத்தை அலை வரும் நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும், அந்த எண்தான் பின்னால் பல சந்தேகங்களைத் தீர்க்கும்.

ஆர்ட்டிஃபாக்ட் என்ற பெரிய தொல்லை

இந்த வேலையில் புதியவர்களின் நேரத்தில் பாதியைத் தின்பது தூண்டுதல் ஆர்ட்டிஃபாக்ட், அதாவது நரம்பில் இருந்து வராமல் தூண்டும் மின்சாரமே திரையில் போடும் போலி அலை. பக்கத்தில் வெடி வெடித்த உடனே காதுக்கு மெல்லிய பேச்சு கேட்காது இல்லையா, ஆம்பிளிஃபையருக்கும் அதே கதி. தூண்டுதலின் மின்சாரம் அதைத் திணறடித்து, அது மீண்டு வருவதற்குள் சிறிய அலை கடந்துவிடும்.

வழக்கமாகச் செய்வது, தூண்டும் இடத்துக்கும் பதியும் இடத்துக்கும் நடுவில் கிரவுண்டை, அதாவது பொது இணைப்பாக இருக்கும் எலக்ட்ரோடை, வைப்பது. இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. நரம்பை இரண்டு இடத்தில் கொக்கியால் தூக்கும்போது நடுப்பகுதி காற்றில் தொங்குகிறது, இரு முனைகளும் உடம்புக்குள் இருக்கின்றன. அப்போது தொங்கும் நரம்பும் கீழே உள்ள திசுவும் சேர்ந்து ஒரு முழு வளையமாகிவிடுகின்றன. தூண்டும் மின்சாரம் நரம்பை வெறும் ஒயர் போல எடுத்துக்கொண்டு பதிவு எலக்ட்ரோடு வழியாகவே சுற்றி வரும். கிரவுண்டைத் தூரத்தில் தோளில் ஒட்டினால் இந்த வளையம் உடையாது. இரண்டு எலக்ட்ரோடுக்கும் நடுவே நரம்பையும் பக்கத்துத் திசுவையும் ஒன்றாகத் தொடும்படி கிரவுண்டைப் பாலமாக வைத்தால், அந்த மின்சாரம் பதிவு எலக்ட்ரோடைச் சேரும் முன்பே திரும்பிவிடும். தனி கிரவுண்டு கொக்கி இல்லாவிட்டாலும், நரம்பின் நடுப்பகுதியை ஈரமான திசுவின் மேல் படுக்க வைத்து, இரு முனைகளை மட்டும் சிறிது தூக்கிப் பாருங்கள். பல நேரம் திரையில் உடனே வித்தியாசம் தெரியும்.

இன்னும் அடங்கவில்லை என்றால் வரிசையாக இவற்றைப் பாருங்கள்: தூண்டும் அளவைக் குறைத்தல், துடிப்பின் நீளத்தைக் குறைத்தல், தூரத்தைக் கூட்டுதல், தேங்கிய நீரை ஒற்றுதல், பதிவு எலக்ட்ரோடின் இரண்டு முனைகளும் நரம்பை ஒரே மாதிரி தொடுகின்றனவா என்று பார்த்தல். கடைசியாகச் சொன்னது முக்கியம். ஒரு முனை நன்றாகத் தொட்டு இன்னொன்று அரைகுறையாகத் தொட்டால், இரண்டுக்கும் பொதுவான இரைச்சலைக் கழிக்கும் ஆம்பிளிஃபையரின் திறனே போய்விடும்.

அலை வந்திருக்கிறது, நிஜமா?

சந்தேகம் வந்தால் மூன்று சோதனைகள். தூண்டுதலின் முனைகளை மாற்றிப் பாருங்கள். ஆர்ட்டிஃபாக்ட் தலைகீழாகும், நரம்பின் அலை ஆகாது. தூண்டும் அளவைப் படிப்படியாக ஏற்றுங்கள். நரம்பின் அலை ஒரு கட்டத்தில் உச்சம் தொட்டு நின்றுவிடும், ஆர்ட்டிஃபாக்ட் வளர்ந்துகொண்டே போகும். பதிவு எலக்ட்ரோடைக் கீழே நகர்த்துங்கள். நிஜ அலை தாமதமாக வரும், ஆர்ட்டிஃபாக்ட் இருந்த இடத்திலேயே இருக்கும். மூன்றில் கடைசியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

பெரிதாக, அகலமாக, தாமதமாக வருவது பெரும்பாலும் பக்கத்துத் தசை. மேலே உள்ள நல்ல கிளைகள் வழியாகவோ, மின்சாரம் சிதறியோ தசை துடித்து அது பதிவாகிறது. தசைத் தளர்த்தி கொடுத்ததும் மறைந்தால் அது தசைதான்.

கழுத்தில் இருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸில் வேறொரு பொறி இருக்கிறது. பைக் விபத்தில் தோள் இழுபட்டு வரும் இளைஞர்களுக்கு இந்த அறுவை நிறைய நடப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நரம்பு வேர் தண்டுவடத்தில் இருந்தே பிடுங்கப்பட்டிருந்தால், உணர்வு நரம்பின் செல்கள் இருக்கும் முடிச்சு வெளிப்பக்கம் உயிரோடு இருக்கும். அதனால் அதன் இழைகள் சாகாது. நீங்கள் தூண்டினால் பெரிய, வேகமான, அழகான அலை வரும். அந்த நரம்போ மூளையோடு தொடர்பே அற்றது. வளர்ந்து வரும் நரம்பின் அலை சிறியது, மெதுவானது. அடிபட்டு மாதக்கணக்கான, கை முழுக்கச் செயலிழந்த ஒருவரின் கழுத்தில் இருந்து புறப்படும் சி5 அல்லது சி6 நரம்பு வேரில் பெரிய வேகமான அலையைப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டாம், சந்தேகப்படுங்கள். வேரைத் தூண்டி கழுத்திலும் தலையிலும் எஸ்.எஸ்.இ.பி., அதாவது தண்டுவடத்தையும் மூளையையும் எட்டும் உணர்வு அலை, வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்காகவே அந்த எலக்ட்ரோடுகளை முன்கூட்டியே ஒட்டிவைப்பது நல்ல பழக்கம். வாயு மயக்கம் மூளையின் அலையைக் குறைக்கும் என்பதால் இந்த அறுவைகளில் ஊசி வழி மயக்கத்தை மயக்க மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

தட்டைக் கோடு வந்தால்

உடனே வாயைத் திறக்காதீர்கள். மேலே நல்ல பகுதியில் இதே செட்டிங்கில் இப்போதும் அலை வருகிறதா என்று மறுபடி பாருங்கள். பத்து நிமிடம் முன்பு வந்தது கணக்கில்லை. இடையில் ஒயர் கழன்றிருக்கலாம், நரம்பு உலர்ந்திருக்கலாம். பிறகு தூண்டும் அளவை நன்றாக ஏற்றுங்கள். புதிதாக வளர்ந்த மெல்லிய இழைகளுக்கு நல்ல நரம்பை விடப் பல மடங்கு தூண்டுதல் தேவைப்படும், துடிப்பின் நீளத்தையும் 0.1 மில்லி விநாடி வரை கூட்டிப் பார்க்கலாம். கெயினை ஏற்றி, சில தூண்டுதல்களைச் சராசரி எடுத்துப் பாருங்கள். பதிவு எலக்ட்ரோடை தடிப்புக்கு உடனடியாகக் கீழேயும் வைத்துப் பாருங்கள், இழைகள் அதுவரைதான் வந்திருக்கலாம்.

ஓர் அலை தெரிய வேண்டும் என்றால் 5 மைக்ரானுக்கு மேல் தடிமனான இழைகள் சுமார் 4,000 இருக்க வேண்டும் என்று கிளைன் குழுவினர் கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்குக் குறைவாக இருந்தால் தட்டைக் கோடுதான், அந்த அளவு இழைகளால் கை அசையப்போவதும் இல்லை. அதனால்தான் முறையாக எடுத்த தட்டைக் கோட்டுக்கு இவ்வளவு மதிப்பு.

பெரிய நரம்புகளில் முழு நரம்பையும் சேர்த்துப் பதிவதோடு நிறுத்தாதீர்கள். காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பை டிபியல், பெரோனியல் என்று பிரித்துத் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு பாதி நன்றாகக் கடத்தினால் முழு நரம்பிலும் அலை வரும், இறந்த பாதி அதற்குள் ஒளிந்துகொள்ளும். கையின் மீடியன் நரம்பிலும் கற்றைகளைப் பிரிக்க முடிந்தால், கடத்தாத கற்றைகளுக்கு மட்டும் ஒட்டுப் போட்டு மற்றவற்றைக் காப்பாற்றலாம்.

அறுவை நிபுணரிடம் சொல்லும் விதமும் வேலையின் பகுதிதான். "வெட்டலாம் சார்" என்றோ "நரம்பு செத்துடுச்சு" என்றோ சொல்வது நம் இடம் அல்ல. "தடிப்புக்கு மேலே 300 மைக்ரோவோல்ட் அலை இப்போதும் வருகிறது மேடம். தாண்டி 6 சென்டிமீட்டரில், உச்ச தூண்டுதல் வரை ஏற்றியும், சராசரி எடுத்தும் அலை இல்லை. கீழே உடனடி இடத்திலும் இல்லை. டூர்னிக்கே அவிழ்த்து 40 நிமிடம் ஆயிற்று." இப்படி எண்களோடு சொன்னால் அவர், தான் பார்த்ததையும் தொட்டதையும் அறுவைக்கு முந்தைய இ.எம்.ஜி.யையும் சேர்த்து முடிவெடுப்பார். தெளிவாக இல்லை என்றால் தெளிவாக இல்லை என்றே சொல்லுங்கள், இன்னும் பத்து நிமிடம் கேளுங்கள், அவர்கள் கொடுப்பார்கள்.

ஒவ்வொரு திரையையும் தூரம், தூண்டும் அளவு, ஃபில்டர், கெயின் ஆகியவற்றோடு சேமியுங்கள். நல்ல பகுதியின் பதிவையும் சேர்த்தே வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த நோயாளி மறுபரிசோதனைக்கு வரும்போது, மணிக்கட்டு எவ்வளவு தூக்க முடிகிறது என்று கேட்டு அதே ஃபைலில் குறித்துவிடுங்கள்.